வைத்துக்கொள்ள முடியாத விதை

ஆஸ்டர் விதைப் பொதியின் முன்பக்கத்தில் இருக்கும் பூவை நான் நம்புவதில்லை. பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன்; எந்த ஆண்டுக்குரிய விதை என்று அங்கே அச்சடித்திருப்பார்கள். சீன ஆஸ்டர் விதைக்கு ஆயுள் குறைவு. முதல் வசந்தத்தில் தாராளமாக முளைக்கும். அடுத்த வசந்தத்தில் யோசித்து முளைக்கும். அதற்குப் பிறகு வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான். ஒரு கிராமில் நானூறுக்கு மேல் விதை இருக்கும். மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் ஒரு பல்கனிக்குப் பத்துப் பதினைந்து செடியே அதிகம். மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் ஒவ்வொரு பங்குனியிலும் எனக்குத் தலையிடி.

அம்மம்மாவுக்கு இந்தத் தலையிடி இருந்ததில்லை. கத்தரியில் நல்ல காய் ஒன்றைக் குறித்துவைத்து, யாரையும் பறிக்க விடமாட்டார். அது மஞ்சளாகிச் செடியிலேயே பழுத்தபின், விதையைக் கழுவிச் சாம்பலில் பிசறிச் சுளகில் உலர்த்தி, துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார். புகை ஏறிக் கறுத்த அந்த முடிச்சுகளுக்குள் எங்கள் வரப்போகும் வருஷங்களின் குழம்பு இருந்தது. பூசணி விதை சாணத்தோடு சுவரில் அப்பியிருக்கும். அயலார் கேட்டால் கொடுக்கமாட்டாரா? கொடுப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை கொடுக்கமாட்டார். விளக்கு வைத்த பிறகு கொடுக்கமாட்டார். தன் பாத்தியில் முளை கண்ணில் படும்வரை கொடுக்கமாட்டார். இவ்வளவையும் கழித்தால் அயலுக்கு மிஞ்சிய நாட்கள் கொஞ்சம்தான்.

ஒருமுறை பக்கத்து வளவு மாமி வெறுங்கையோடு திரும்பிப் போனார். அந்தப் போகமே எங்கள் கத்தரியில் சில செடிகள் இலை சிறுத்து, வெளிறி, காய்க்காமல் புதர்போல அடைந்து நின்றன. “அவளின்ரை நாவூறுதான்” என்றார் அம்மம்மா. ஒன்று விடாமல் பிடுங்கிக் கோடிப்புறத்தில் போட்டு எரித்தார். மாமிக்குப் புகை தெரியட்டும் என்று காற்றுப் பார்த்துத்தான் மூட்டினார் என்பது என் சந்தேகம்.

ஆஸ்டர் வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வழக்கின் உண்மை எனக்குத் தெரியவந்தது. ஆஸ்டருக்கு மஞ்சள் நோய் என்று ஒன்று உண்டு. பிடித்தால் பூ பச்சையாகிவிடும். இதழ் வரவேண்டிய இடத்தில் இலைபோல ஏதோ முளைக்கும். தத்துப்பூச்சிதான் இதைப் பரப்புகிறது என்று அமெரிக்காவில் எல். ஓ. குங்கெல் என்பவர் 1926இல் எழுதினார். வைரசு என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1967இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, செடியின் உணவுக் குழாய்களுக்குள் சுவரே இல்லாத நுண்ணுயிர்கள் தெரிந்தன. இன்று அவற்றுக்குப் பைற்றோபிளாஸ்மா என்று பெயர். கத்தரியின் சிற்றிலை நோயும் அந்தக் கூட்டத்தின் வேலைதான். அதையும் தத்துப்பூச்சிதான் காவுகிறது. ஆகவே மாமி குற்றமற்றவர். ஆனால் வைத்தியம்? நோய்ப்பட்ட செடிக்கு மருந்தில்லை, பிடுங்கி அகற்றுங்கள் என்றுதான் இன்றைய கைநூலும் சொல்கிறது. குற்றவாளியைத் தவறாகப் பிடித்த அம்மம்மா, தண்டனையைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்.

விதையைத்தான் சேர்க்க முடியாது, இடத்தையாவது பிடித்துவைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பியூசேரியம் என்ற பூஞ்சணம் மண்ணில் வருஷக்கணக்காகக் காத்திருந்து, அடுத்த ஆஸ்டரை வாட்டிவிடும். பழைய விதையும் ஆகாது, பழைய மண்ணும் ஆகாது. சாடிக்குக் கொய்தால் திரும்பப் பூப்பதும் அருமை. இதைச் சொன்னதும் கோயிலில் ஒரு நண்பர், “எங்கட கதைதான்” என்று கண்கலங்கினார். எனக்கு எரிச்சல் வந்தது. சீனத்துச் செடி ஊரைவிட்டு ஓடிவரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சுப் பாதிரிமார் அதன் விதையைப் பொட்டலம் கட்டிப் பாரிசுக்கு அனுப்பினார்கள். 1731இல் அது லண்டன் செல்சித் தோட்டத்தில் பிலிப் மில்லரிடம் வந்தது. பெட்டியில் பூட்டிவைத்தால் செத்துப்போகும் விதை; வந்தவுடன் விதைத்து, விதையெடுத்து, மிஞ்சியதை யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும். ஒற்றையடுக்கு பல அடுக்காகி, இன்று ஒசூர்ப் பக்கத்து வயல்கள் வரை அது பூப்பதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த ஊர்க் காட்டு ஆஸ்டருக்கு அப்படி அவசரம் எதுவும் இல்லை. செப்டெம்பரில் ரயில் பாதையோரம் ஊதாவாகப் பூத்து நிற்கும். அதன் விதை ஈரத்தோடு ஒரு பனிக்காலத்தைக் கடந்தபின் தானாக முளைக்கும். யாருடைய தயவும் வேண்டாம். அதைப் பார்க்க அழகுதான். ஆனால் அதனால் யாரும் யாருடைய வீட்டுக் கதவையும் தட்டியதில்லை.

நான் தட்டுகிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் எனக்கு வேண்டியதை ஜன்னலோரத் தட்டில் விதைத்துவிட்டு, மிச்சத்தைக் கடதாசியில் மடித்து எடுத்துக்கொண்டு படியேறுவேன். மேல்வீட்டு வங்காளதேசக் குடும்பத்துக்கு ஒன்று, கீழே இருக்கும் கிரேக்கக் கிழவருக்கு ஒன்று, கண்கலங்கிய நண்பருக்கும் ஒன்று. உறைபனி பயம் போன பிறகு, மே நடுப்பகுதிக்கு மேல்தான் வெளியே நடவேண்டும் என்று எச்சரித்துவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமையும் கொடுப்பேன், விளக்கு வைத்த பிறகும் கொடுப்பேன். தாராள மனசு என்று கட்டடம் முழுக்கப் பெயர். இந்த விதை ஐந்து வருஷம் தாங்குமென்றால் நானும் குசினியில் ஒரு பரண் கட்டியிருப்பேன். அது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்வதாக இல்லை.