மெல்லிய நூல்

முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் மாலை வேளைகளில் தூண்டிலிடுவது என் வழக்கம். என் கோல் மெல்லியது. நூலோ அதனினும் மெல்லியது. இறகினால் புனைந்த பொய்யிரையை நீரில் வீசி, சிறுமீன் துள்ளுவதுபோல் இழுப்பேன். கொடுவா மீன் அதைக் கவ்வியதும் பாய்ந்தோடும். வலிந்து இழுத்தால் நூல் அறுந்துவிடும். மீன் ஓடும்போது நூலை விட்டும், ஓயும்போது சுற்றியும் கரை சேர்த்தல் வேண்டும். இங்கு வெல்வது வலிமையன்று, பொறுமையே.

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆதலால், மிகப் பெரியவை பெரும்பாலும் இலட்சக்கணக்கில் முட்டையிடும் தாய்மீன்களே. அத்தகைய மீன் அகப்பட்டால், அதன் மேனியின் வழவழப்பு நீங்காதபடி கைகளை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி நீரில் விட்டுவிடுவேன். மீனவர்க்கு மீன்பிடித்தல் பிழைப்பு, எனக்கோ பொழுதுபோக்கு. என் ஒரு மாலைப்பொழுதின் இன்பத்திற்காகக் கழிமுகத்தின் நாளைய செல்வத்தை அழித்தல் முறையாகுமோ?