மொத்தமாக வந்த பணம்

பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஓய்வு சில சமயம் இரண்டு தவணையாக வரும். பிறந்த தேதிப்படி அறுபது முடிவது ஒன்று. அது கல்வியாண்டின் நடுவில் விழுந்தால் ஆண்டு முடியும்வரை மறுநியமனம், அதன்பிறகு உண்மையான ஓய்வு. மனசு பழக இது தோது. பணத்துக்கு அந்த நாசூக்கு தெரியாது. பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், கம்யூடேஷன் எல்லாம் சில மாத இடைவெளிக்குள் ஒரே கணக்கில் வந்து விழும். பாஸ்புக் அச்சடிக்கும் வங்கிப் பையன்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறான்.

மாதச் சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்த எல்லோருக்கும் தெரியும். மொத்தத் தொகையைக் கையாண்ட பழக்கம் நம் ஆட்களில் அநேகருக்கு இல்லை. என் கட்சி இதுதான்: வந்த மொத்தத்தை எவ்வளவு சீக்கிரம் மறுபடி மாதச் சம்பளமாக ஆக்குகிறோமோ, அவ்வளவு நல்லது.

*

கம்யூடேஷன் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டு வருகிறவர்கள், கணக்கைச் சொன்னதும் கொஞ்சம் சுருங்கிப் போகிறார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குவரை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக மொத்தமாக வாங்கலாம். ஓய்வூதியம் 45,000 என்றால் 15,000 போகும். அறுபது வயதில் கிடைப்பது ஏறத்தாழ எட்டு வருடத் தொகை. அதாவது பதினாலு, பதினைந்து லட்சம். அந்த 15,000 முழுதாகத் திரும்பி வர 15 வருடம் ஆகும். அதற்குள் பிடித்தம் 27 லட்சம்.

கடன் என்று வைத்துப் பார்த்தால் வட்டி எட்டரை, ஒன்பது சதவீதத்துக்குக் குறையாது. வாங்கி அப்படியே டெபாசிட்டில் போடுகிறவருக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் இது வெறும் கடனும் இல்லை. வாங்கியவர் இடையில் போய்விட்டால் பாக்கி அத்தோடு தீர்ந்தது, குடும்ப ஓய்வூதியத்தில் பிடிக்க மாட்டார்கள். அகவிலைப்படியும் குறைக்காத முழு ஓய்வூதியத்துக்குத்தான் கணக்கு. வீட்டுக்கடன் பாக்கி, மகள் கல்யாணம் என்று நிஜமான தேவை இருந்தால் வாங்கலாம். "கெடைக்கிறத ஏன் சார் விடணும்?" என்பது ஒரு காரணம் ஆகாது.

*

2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசு வேலையில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் போனார்கள். தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர்களைக் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கான ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ்.ஸில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். கியாஸ் சிலிண்டர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. இவர்களில் பலருக்கும் கையில் வந்த மொத்தம்தான் இனி ஆயுசுக்கும் சம்பளம். மொத்தத்தை மாதச் சம்பளமாக ஆக்குவது பற்றி மேலே நான் சொன்னது, பழைய ஓய்வூதியம் வாங்கும் எங்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

*

மொத்தத்தை மாதச் சம்பளமாக ஆக்க ஒரு வழி, தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2023 ஏப்ரலில் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆக்கி, வட்டியை 8.2 சதவீதம் என்று வைத்தார்கள். முப்பது லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் வேலைநாளில் வரும். மாதத்துக்கு 20,500 என்று ஆகிறது. கணவன் மனைவி இருவரும் அறுபது தாண்டியவர்கள் என்றால் ஆளுக்கொரு கணக்கு தனித்தனி வரம்போடு தொடங்கலாம். போடும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது.

அதுவே இதன் குறையும்கூட. இன்றைக்கு வரும் 20,500 ஐந்தாம் வருடமும் அதே 20,500. பால் விலையும் பி.பி. மாத்திரை விலையும் அப்படி நிற்காது. வட்டி முழுவதையும் செலவழிக்காமல், நாலில் ஒரு பங்கையாவது மறுபடி போட்டு வைக்கிறவர்தான் எழுபத்தைந்து வயதில் மூச்சு வாங்காமல் இருப்பார்.

இன்னொன்று, வங்கி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு 5 லட்சம்தான், வட்டியும் சேர்த்து. கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு. ஊரில் இருக்கும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடையாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

*

பணம் வந்த சேதி எப்படித்தான் பரவுமோ! தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன், பைக்கை விட்டு இறங்கும்போதே "மாமா, உடம்பு எப்படி இருக்கு?" என்றான். காபி குடித்து டம்ளரை வைத்தபிறகு விஷயம் வந்தது.

"கைமாத்தா ஒரு மூணு லட்சம் மாமா. ஆறே மாசம். ஒங்களுக்கு பேங்க்ல சும்மாதானே கெடக்குது?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து என் மனைவியின் பதில் வந்தது. "சும்மா கெடக்கலப்பா, அஞ்சு வருசத்துக்குப் போட்டாச்சு. எடுத்தா வட்டியில புடிப்பாங்களாம்." அவள் சொன்னதில் பொய் இல்லை. ஒரு வருடத்துக்குள் கணக்கை முடித்தால் கொடுத்த வட்டியைத் திரும்பப் பிடிப்பார்கள், அதற்குமேல் அசலில் ஒன்றரை, ஒன்று சதவீதம் போகும். பையன் இன்னொரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினான். கோபம் இல்லை. இல்லை என்று சொன்னால்தான் மனத்தாங்கல் வரும்; எடுக்க முடியாது என்றால் வராது.

*

மாதம் பத்து சதவீதம் தருகிறோம் என்று வருகிற ஏஜென்ட், பெரும்பாலும் நம்மோடு வேலை பார்த்தவராகவே இருப்பார். அதுதான் ஆபத்து. தொண்ணூறுகளில் இப்படிப் போனவர்கள் போட்ட கூச்சலில்தான் 1997-ல் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் கம்பெனிகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பத்து மாதத்தில் போட்டது திரும்பிவிடும் அளவுக்கு லாபம் தரும் தொழில் கையில் இருப்பவன், ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கு ஏன் வருகிறான்?

*

மொய் நோட்டு. எந்தப் புத்தகத்திலும் இதை ஓய்வுக்காலச் செலவாக எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் (பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆனி, ஆடி வந்தால் மொய் விருந்துக்கென்றே பந்தல் போடுவார்கள்) ஒருத்தர் செய்த மொய்யைக் கொஞ்சம் கூட்டித்தான் திருப்பிச் செய்யவேண்டும். வேலையில் இருக்கும்போது இது சுற்றிக்கொண்டே இருக்கும். நம் வீட்டு விசேஷங்கள் எல்லாம் முடிந்துவிட்ட பிறகு பணம் ஒரு பக்கமாகத்தான் போகிறது. ஆவணி, தை மாதங்களில் பத்திரிகை வந்து குவியும். நோட்டைப் பிரித்து, நீல மையில் பெயர், ஊர், தொகை பார்த்து, எதிரில் 'திருப்பியாச்சு' என்று பென்சிலால் குறிப்பது இப்போது என் வேலைகளில் ஒன்று. அந்த நோட்டில் திருப்பாமல் நிற்கும் தொகையைக் கூட்டிப் பார்க்காமல், 'எனக்குக் கடன் எதுவும் இல்லை' என்று எங்கள் ஊர்க்காரர் யாரும் சொல்ல முடியாது.

*

வீட்டில் பகல் முழுக்க இருப்பது தனிப் படிப்பு. நமக்குத்தான் ஓய்வு, அடுக்களைக்கு இல்லை. பதினோரு மணிக்கு இன்னொரு காபி கேட்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறேன். ரேஷன், கரண்ட் பில், மாவு மில் மூன்றையும் நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த ருசிதான் போய்விட்டது, அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

*

வீட்டை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிடலாம் என்று நல்லெண்ணத்தில் துடிப்பவர்களுக்கு: தானசெட்டில்மெண்ட் பதிவானால் பதிவானதுதான். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். 2007-ம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவின்கீழ், 'எங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால் கோட்டாட்சியர் முன்னால் போய் ரத்துக் கேட்கலாம். ஆகவே அந்த வரியைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்கமானவர்கள் என்றால் அந்த வரி அவர்களை ஒன்றும் செய்துவிடாது.

*

உயிர்ச்சான்றுக்கு இப்போது தபால்காரரே கைரேகைக் கருவியோடு வீட்டுக்கு வருகிறார், கட்டணம் 70 ரூபாய். மாநில ஓய்வூதியர்கள் தாங்கள் ஓய்வு பெற்ற மாதத்திலேயே கொடுத்தால் போதும். கருவூலத்து வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்காகவாவது தபால்துறையைப் பாராட்ட வேண்டும்.

*

கூட வேலை பார்த்த ஒருவர் போன வருடம் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி பீரோவில் இருந்ததையெல்லாம் பாயில் கொட்டி வைத்திருந்தார். எந்த வங்கியில் என்ன இருக்கிறது, பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) எண் என்ன, எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்ட நல்ல மனிதர். குடும்ப ஓய்வூதியம் கைக்கு வர அந்த அம்மா மாதக்கணக்கில் அலைந்தார்.

படிக்கிறவர்களில் ஓய்வூதியம் வாங்குகிறவர் இருந்தால், இந்த வாரமே பி.பி.ஓ. எண்ணையும் கணக்கு விவரங்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை வீட்டம்மாவிடம் கொடுத்து, ஒருமுறை அவரைத் தனியாகவே வங்கிக்கு அனுப்பிப் பணம் எடுத்து வரச் சொல்லுங்கள்.