மருந்து எண்டால் எந்த மருந்து?

எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று பேப்பர் வாசிப்பது. மற்றது சூட்டியின் காதுக்குள் உண்ணி பார்ப்பது. இரண்டாவதுக்குத்தான் ஆட்கள் கூட. ஒருவர் தலையைப் பிடிப்பார், ஒருவர் காதை விரிப்பார், ஒருவர் கழற்றுவார், ஒருவர் சிரட்டைக்குள் மண்ணெண்ணெய் விட்டு வைத்துக்கொண்டு எண்ணுவார். மிச்சப் பேர் ஆலோசனை சொல்வார்கள். போன மாசியில் ஒருநாள் நாற்பத்தேழு வரைக்கும் எண்ணினோம்.

சூட்டி ஒருவருடைய நாயும் இல்லை. அதனால் எல்லாருடைய நாய். கிளிநொச்சியில் காலபோக அறுவடை நேரம், உழவு மெஷினுக்குப் பின்னால் ஓடி வந்து நிலையத்து விறாந்தையில் ஏறிப் படுத்தது. பிறகு போகவில்லை. அதற்குப் பிறகு மிளகி என்ற பூனைக்குட்டியும் வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் மிளகு தூவின மாதிரிப் புள்ளி. சூட்டியின் வயிற்றுச் சூட்டில்தான் அது படுக்கும். இந்தக் கட்டுரை சூட்டியின் உண்ணியைப் பற்றியது. ஆனால் எழுத வைத்தது மிளகி.

முன்வீட்டு ஆச்சிதான் சூட்டிக்கு மீன்தலை போடுகிறவ. "2008இல வெளிக்கிடேக்க எங்கட நாயை விட்டிட்டு வந்தனாங்கள். உழவு மெஷினுக்குப் பின்னால கனதூரம் ஓடி வந்தது" என்று ஒருக்காச் சொன்னா. அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த வருசம் எங்களில் மூத்தவனுக்கு எட்டு வயது. வன்னியில் நாய் வளர்க்கிற கன வீடுகளில் இப்படி ஒரு கதை கிடக்கும். "இதையாவது ஒழுங்காப் பாருங்கோ" என்பதுதான் ஆச்சி எங்களுக்குத் தந்த பொறுப்பு.

ஒழுங்காகத்தான் பார்க்க வெளிக்கிட்டோம்.

எங்களில் ஒருவனின் மாமா பட்டி மாடு வைத்திருக்கிறார். மாட்டின் முதுகு வழியே ஊற்றுகிற உண்ணி மருந்து அவரிடம் இருந்தது. அதில் கொஞ்சம், இருமல் பாணிப் போத்தல் ஒன்றில் ஊற்றிக் கொண்டு வந்தான். போத்தலில் பழைய பாணியின் லேபல் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. "மாட்டுக்கு இவ்வளவு எண்டால் நாய்க்கு அதில பத்தில ஒண்டு காணும்" என்று கணக்குப் போட்டோம். எங்களில் இரண்டு பேர் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. கணக்குப் பிழைக்கவில்லை, மூடியால் அளந்து கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஊற்றினோம். சூட்டி வாயில் கொஞ்சம் நுரை தள்ளியது, நிலத்தில் உரஞ்சியது. "மருந்து வேலை செய்யுது" என்று சந்தோசப்பட்டோம்.

அடுத்த நாள் விடிய நிலையத்தைத் திறந்தவன் போன் எடுத்தான். மிளகியின் காதுகள் துடித்துக்கொண்டிருந்தன. பிறகு உடம்பு முழுக்க நடுங்கியது, பிறகு வலிப்பு. மட்டைப் பெட்டிக்குள் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டு ஓடினோம். மிருக வைத்தியர் மாடு ஒன்றுக்குச் சினைப்படுத்தல் ஊசி போட ஊருக்குள் போயிருந்தா. அவ திரும்பி வர நேரம் மத்தியானம்.

"என்ன போட்டனீங்கள்?"

"மருந்து, டொக்டர்."

"மருந்து எண்டால் எந்த மருந்து?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பாணிப் போத்தலை நீட்டினோம். அவ லேபலைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தா. மாமாவுக்குப் போன் எடுத்து, பெரிய கானில் என்ன எழுதியிருக்கு என்று எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னா. பெயர் "மெத்ரின்" என்று முடிந்தது. "நாயோட ஒட்டிப் படுத்ததா? நக்கினதா?" இரண்டும்தான். இளஞ்சூட்டுத் தண்ணியில் மிளகியைக் கழுவினா, வலிப்புக்கு ஊசி போட்டா. பின்னேரம் ஐந்து மணிக்கு மிளகி செத்துப்போச்சு.

சூட்டியைச் சட்டி கழுவுகிற சவர்க்காரத் தண்ணியால் இரண்டு தரம் கழுவச் சொன்னா. அது தப்பிவிட்டது.

அந்தக் கேள்விதான் இந்தத் தலைப்பு. காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து. நெல்லுக்கு அடிக்கிறதும் மருந்து. மாட்டுக்கு ஊற்றுவதும் மருந்து. எங்கள் பக்கம் ஒருவர் "மருந்து குடிச்சிட்டார்" என்றால், அவர் சுகமாகவில்லை என்று எல்லாருக்கும் விளங்கும். ஒரே சொல்லை இத்தனைக்கும் வைத்துப் பழகின நாங்கள், போத்தலுக்குள் இருப்பது எது என்று கேட்க மறந்துபோனோம். நாய்க் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தும் உண்மையில் பூச்சிக்கொல்லிதான். அளந்து, ஒரு மிருகத்துக்கென்று கட்டுப்படுத்தி வைத்த நஞ்சு. அந்த அளவும் அந்த மிருகமும் மாறினால் மிஞ்சுவது வெறும் நஞ்சு.

டொக்டர் சொன்னதையும் பிறகு நாங்கள் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறோம்.

நாய்ச் சொட்டு மருந்துகளில் கனக்கப் பாவிக்கப்படுவது பிப்ரோனில். தோலில் விட்டதும் அது தோலின் எண்ணெயோடு சேர்ந்து உடம்பு முழுக்கப் பரவும், மயிர் வேரடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் தங்கி, கிட்டத்தட்ட ஒரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் வரும். உண்ணியினதும் தெள்ளினதும் நரம்பைத் தாக்கும். பூச்சியின் நரம்பில் பிடிக்கிற அளவுக்கு நாயின் நரம்பில் அது பிடிக்காது. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் நாங்கள் அதை விடுகிறோம். ஆனால் அந்த வித்தியாசம் எல்லா மிருகத்துக்கும் ஒன்றில்லை. பிப்ரோனில் முயலுக்கு ஆகாது.

பெர்மெத்ரின் இன்னொரு வகை. நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அந்த வேலையைச் செய்கிற நொதியம் போதாது. அதனால் நாய்க்குப் பிரச்சினையில்லாத அளவு பூனைக்கு நடுக்கம், வலிப்பு, சாவு. பூனைக்கு நேரே போடத் தேவையில்லை, ஈரம் காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலே நடக்கலாம். மிளகிக்கு நடந்தது அப்படித்தான். பெயர் "மெத்ரின்" என்று முடிகிற எதையும், பூனை இருக்கிற வீட்டில் மிருக வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

எங்களுக்கு மட்டும்தான் இந்த மடத்தனம் என்று நினைத்திருந்தோம். இல்லை. அமெரிக்காவில் 2008இல் மட்டும் இந்தச் சொட்டு மருந்துகள் பற்றிச் சுமார் 44,000 முறைப்பாடுகள் போயிருக்கின்றன. தோல் அரிப்பிலிருந்து சாவு வரைக்கும். அந்த நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதை ஆராய்ந்து 2010இல் முடிவைச் சொன்னது. கூடப் பாதிக்கப்பட்டவை சின்ன நாய்கள். நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டதும் ஒரு முக்கிய காரணம். லேபல் தெளிவாக இருக்க வேண்டும், நிறை வரம்புகள் இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் லேபல் ஒட்டின பெட்டியில் வாங்கி, ஆங்கிலம் பேசுகிற சனத்துக்கே அப்படியென்றால், பாணிப் போத்தலில் வாங்கின எங்களுக்கு என்ன சொல்ல.

ஆகவே முதல் வேலை நிறை பார்ப்பது. பிப்ரோனில் சொட்டு மருந்து வழமையாக 2 முதல் 10 கிலோ நாய்க்கு 0.67 மில்லிலீற்றர், 10 முதல் 20 கிலோவுக்கு 1.34, 20 முதல் 40 கிலோவுக்கு 2.68 என்று தனித்தனிக் குழாயில் வரும். 2022இல் ரூபா விழுந்த பிறகு ஒரு குழாயின் விலை எங்களைப் போன்ற ஆட்களுக்குப் பெரிய காசு. அதனால் பெரிய நாயின் குழாய் ஒன்றை வாங்கி மூன்று நாய்க்குக் கண்மட்டத்தில் பிரித்து விடுகிற பழக்கம் இருக்கிறது. நாங்களும் அதைத்தான் அடுத்ததாக யோசித்தோம். டொக்டர் மறித்தா. கண்மட்டத்தில் ஒரு நாய்க்குக் கூடும், ஒன்றுக்குக் குறையும். கூடினது நஞ்சு. குறைந்தது உண்ணியைக் கொல்லாமல் பழக்கிவிடும்.

நிறை பார்க்கத் தராசு இல்லை என்று சொல்ல வேண்டாம். நெல்லு நிறுக்கிற தராசு ஊரெல்லாம் இருக்கு. நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று பார்த்து, பிறகு தனிய ஏறி நின்று கழிக்க வேண்டியதுதான். சூட்டி 13 கிலோ. "நெல்லு எண்டால் கால் மூடைக்கும் வராது" என்றார் தராசுக்காரர்.

இரண்டாவது, விடுகிற இடம். நாயின் நாக்கு எட்டாத இடம், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், கழுத்தடியில். மயிரை விரித்துத் தோல் தெரிந்த பிறகு விட வேண்டும். மயிருக்கு மேல் ஊற்றினால் நாய்க்கும் பிரயோசனமில்லை, தடவுகிற கைக்கும் நல்லதில்லை. புண், சொறி உள்ள இடத்தில் விடக்கூடாது. இரண்டு நாளுக்கு முன்னும் பின்னும் குளிக்க வார்க்கக்கூடாது, எண்ணெய் கழுவப்பட்டால் மருந்து தங்க இடமில்லை. எட்டுக் கிழமைக்கு உட்பட்ட குட்டி, 2 கிலோ வராத குட்டி, நோய்ப்பட்ட நாய், சினை நாய் என்றால் முதலில் கேட்க வேண்டும். கழுத்துப் பட்டி மருந்து ஒன்று ஏற்கெனவே கட்டியிருந்தால் அதற்கு மேல் சொட்டும் விடக்கூடாது. காயும் வரைக்கும் சின்னப் பிள்ளைகள் கட்டிப்பிடிக்கக் கூடாது, நாய்கள் ஒன்றையொன்று நக்க விடக்கூடாது. விட்டவர் கை கழுவ வேண்டும்.

வயல் மருந்து, மண்ணெண்ணெய், கழிவு ஒயில் எதுவும் நாயின் தோலுக்கு இல்லை. நாய் அவற்றை நக்கும். நாங்கள் போத்தலைத் திறந்த கையோடு மறந்துவிடுவோம், அதன் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் மறக்காது.

மூன்றாவது, தண்ணீர். இங்கிலாந்தில் 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுத்த தண்ணீர் மாதிரிகளை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 99 மாதிரிகளில் பிப்ரோனில் இருந்திருக்கிறது. நாய் பூனைகளுக்கு விடுகிற மருந்து கழுவுப்பட்டுப் போவது அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். நீரில் வாழ்கிற பூச்சிகளுக்கு அது பெரிய நஞ்சு, அந்தப் பூச்சிகளைத் தின்றுதான் மீன் வளரும். எங்கள் சூட்டி வெயிலுக்கு வாய்க்காலில் விழுந்து கிடக்கிற சாதி. இரணைமடுத் தண்ணி ஓடுகிற வாய்க்கால். இப்போது சொட்டு விட்டால் இரண்டு நாள் கட்டி வைக்கிறோம். அது ஊளையிடும், ஆச்சி எங்களை ஏசுவா. வெறுங்குழாயையும் வாய்க்காலில் எறிவதில்லை.

நாலாவதுதான் எங்களுக்குப் புதினமாக இருந்தது. நாயில் பார்க்கிற உண்ணி, உண்மையான கூட்டத்தில் ஒரு சின்னப் பங்குதான். நாய் உண்ணி குஞ்சாக ஒருக்கா, வளர்ந்து ஒருக்கா, முற்றின பிறகு ஒருக்கா என்று மூன்று தரம் நாயில் ஏறி இரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தரமும் கழன்று விழுந்து சுவர் வெடிப்பு, கூரை மரம், படிக்கட்டு இடுக்குகளில் போய் ஒளிக்கும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடுவதும் அங்கேதான், நாயில் அல்ல. சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

எங்கள் நிலையத்தின் பின்சுவர் பழையது. சன்னம் பட்ட துளைகள் இன்னும் இருந்தன. முன்பக்கத்துக்கு மட்டும்தான் பூச்சுப் போட்டு வர்ணம் அடித்தது. டோர்ச் அடித்துப் பார்த்தோம். அந்தத் துளைகளுக்குள்தான் உண்ணிகள் அடுக்கடுக்காக இருந்தன. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, சீமெந்து குழைத்து நாங்களே துளைகளை அடைத்தோம். ஒன்றை மட்டும் விடுவமா என்று ஒருவன் கேட்டான், நினைவுக்கு. விவாதம் நீண்டது. கடைசியில் அதையும் அடைத்தோம். சூட்டியின் சாக்கைக் கொதிநீரில் தோய்த்து வெயிலில் போடுகிறோம். விறாந்தையை ஒவ்வொரு நாளும் கூட்டுகிறோம்.

ஒன்றும் போடாமல் விடுவது பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். உண்ணியால் பரவுகிற பபேசியா, எர்லிக்கியா என்கிற நோய்கள் நாயைக் கொல்லும். காய்ச்சல், வெளிறின முரசு, தேத்தண்ணி நிறத்தில் சலம் என்றால் அன்றைக்கே காட்டுங்கள். சொட்டு விட்ட பிறகு நாய் நடுங்கினால், வாந்தி எடுத்தால், தள்ளாடினால் சவர்க்காரத்தால் கழுவி, மருந்துப் பெட்டியையும் கையோடு கொண்டு ஓடுங்கள். பெட்டி முக்கியம். எங்களிடம் இருந்திருந்தால் அந்தப் போன் எடுத்த நேரமாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது நிலையத்தில் ஒரு பழைய பால்மாப் பேணி இருக்கு. அதற்குள் ஒவ்வொருவரும் மாதம் கொஞ்சக் காசு போடுகிறோம். சூட்டியின் குழாய் அதிலிருந்துதான். பக்கத்தில் ஒரு கொப்பி. திகதி, மருந்தின் பெயர், அளவு, விட்டவரின் பெயர். பேப்பர் பார்க்க வருகிற ஆட்களும் கொப்பியைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

போன கிழமை ஒரு அன்ரி வந்தா. கையில் சின்னப் போத்தல், லேபல் இல்லை. "தம்பியவை, நாய்க்கு உண்ணிக்கு ஒராள் இந்த மருந்து தந்தவர். எவ்வளவு விடுறது?"

எங்களில் மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டோம், "எந்த மருந்து அன்ரி?"

அவவுக்குத் தெரியவில்லை. கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, முதலில் மிளகியின் கதையைச் சொன்னோம்.