தலையெழுத்தும் தாளெழுத்தும்

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி)

பெயரைச் சொல்லவே நாம் அஞ்சும் நோய் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் அதை ‘அந்த வியாதி’ என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொன்னால் வீட்டுக்குக் கூப்பிட்டது போல் ஆகிவிடுமாம். அது ஒருவருக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “இன்னும் எத்தனை நாள்?” அதற்கு ஊர் சொல்லும் விடையும் ஒன்றே: “எல்லாம் தலையெழுத்து.”

புற்றுநோய் வந்த ஒருவர் பிழைப்பாரா, மாட்டாரா என்பதை எவை தீர்மானிக்கின்றன? மருத்துவர்கள் இதற்கு ‘நோய் முன்கணிப்பு’ என்று பெயர் சொல்கிறார்கள். நான் விலங்கியல் பயில்பவள். மருத்துவம் படித்தவள் அல்லள். ஆயினும் மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அப்பத்தாவின் நோயியல் அறிக்கையை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. அந்த ஒற்றைத் தாள் எனக்குக் கற்றுத் தந்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஓர் அறிவுரை கூறுகிறார். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செயல்படு என்கிறார். இன்றைய முன்கணிப்பு நூல்களைப் புரட்டினாலும் இந்த மூன்று தலைப்புகளுக்குள்தான் எல்லாம் அடங்குகின்றன. ஆகவே அவர் காட்டிய வழியிலேயே நடப்போம்.

முதலில் நோய். எங்கள் திண்டுக்கல் சமவெளி புகையிலை விளைந்த மண். திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்து பெயர் வாங்கியது. வேடசந்தூரில் 1948-இல் புகையிலை ஆராய்ச்சி நிலையமே அமைந்தது. புகையிலைக் காட்டில் இலை ஒடித்து வளர்ந்த அப்பத்தாவுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் இடுப்புச் சுருக்குப்பையில் எப்போதும் இருக்கும். வலது கன்னத்தில் அதக்கிக்கொண்டால் களை எடுத்து முடியும்வரை பசி தெரியாது என்பார். புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு நல்லது என்று எண்ணுவோர் நம்மில் பலர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையும் தனியாகவே புற்று உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் அறிவித்திருக்கிறது.

அப்பத்தாவுக்குப் புற்று வந்ததும் அதே வலது கன்னத்தின் உட்புறத்தில்தான். அறிக்கையில் முதல் வரி புற்றின் வகையைச் சொன்னது. செதிள் உயிரணுப் புற்று. நம் நாட்டு வாய்ப்புற்றில் பெரும்பாலானவை இவ்வகையே. அடுத்த வரி அதன் ‘தரம்’. இயல்பான உயிரணுவின் சாயல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கொண்டு இதைச் சொல்கிறார்கள். சாயல் நிறைய இருந்தால் அது மெல்ல வளரும். சாயல் முற்றும் அழிந்திருந்தால் மூர்க்கமாக வளரும். அப்பத்தாவுடையது இரண்டுக்கும் நடுத்தரம்.

மூன்றாவது வரியில் அளவுகள் இருந்தன. அகலம் 3.2 சென்டிமீட்டர், ஆழம் 11 மில்லிமீட்டர். புற்றின் அளவு, நிணநீர்க் கணு, தொலைவில் பரவல் ஆகிய மூன்றையும் கொண்டு நோயின் நிலையைக் குறிக்கும் முறையை வகுத்தவர் பியேர் தெனுவா என்ற பிரெஞ்சு மருத்துவர். 1943-க்கும் 1952-க்கும் இடையில் அவர் அதை உருவாக்கினார். நீண்ட காலம் வாய்ப்புற்றுக்கு அகலத்தையே அளந்து வந்தார்கள். 2018 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வகைப்பாட்டில்தான் ஆழமும் சேர்ந்தது. அகலம் சிறிதாயினும் ஆழம் 10 மில்லிமீட்டரைக் கடந்தால் அதைப் பெரிய புற்றாகவே கொள்ள வேண்டும். வேலிகாத்தான் செடியை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மேலே தெரியும் தூரைவிட உள்ளே இறங்கிய வேர்தான் வேலை வாங்கும்.

நான்காவது வரி எல்லாவற்றிலும் முக்கியமானது. கழுத்திலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்கள் 24. அவற்றுள் ஒன்றில் புற்று இருந்தது. நாம் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்கிறோமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. வாய்ப்புற்று கழுத்துக் கணுவை எட்டிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்பது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்த உண்மை. அந்தக் கணுவின் உறையையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்பத்தாவுக்கு உறை கிழியவில்லை. வெட்டி எடுத்த சதையின் ஓரங்களிலும் புற்று இல்லை. மொத்தத்தில் மூன்றாம் நிலை என்றார்கள்.

கணுவுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதற்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வே சான்று. தொடக்க நிலை வாய்ப்புற்று உடையவர்களில் ஒரு சாராருக்கு, கழுத்தில் கட்டி தெரியாதபோதே கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள். மறு சாராருக்குக் கட்டி தெரிந்த பிறகு எடுத்தார்கள். 2015-இல் முடிவு வெளியாயிற்று. மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் சாராரில் நூற்றுக்கு 80. மறு சாராரில் 67.5. நோய் ஒன்றே, மருத்துவமனையும் ஒன்றே. வேறுபட்டது கத்தி வைத்த காலம் மட்டுமே.

இனி நோயாளி. நோயாளியின் வயது, சர்க்கரை, இரத்தசோகை, உடல் மெலிவு இவை எல்லாம் கணக்கில் வருகின்றன. நோய் கண்ட பின்னும் புகையிலையை விடாதவர்களுக்குச் சிகிச்சை சரியாகப் பலிப்பதில்லை; மீண்டும் புற்று வரவும் இடமுண்டு. அப்பத்தா சுருக்குப்பையைத் தாமே அவிழ்த்து, புகையிலையைக் குப்பையில் கொட்டிவிட்டு, அதில் பேருந்துச் சில்லறையைப் போட்டு வைத்துக்கொண்டார்.

வள்ளுவர் அடுத்த குறளிலேயே மருத்துவத்துக்கு நான்கு கால்கள் என்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர். இந்த நான்காவது காலின் பாரத்தை அந்தக் கோடையில் நான் உணர்ந்தேன். பிளஸ் டூ தேர்வு முடிந்திருந்தது. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் முப்பது தடவை. விடியற்காலையில் ஊரிலிருந்து திண்டுக்கல். திண்டுக்கல்லிலிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர் மதுரை. மாலையில் திரும்ப வேண்டும். மூன்றாம் வாரத்தில் வாய் வெந்து கஞ்சியும் இறங்கவில்லை. “போதும் ஆத்தா, விட்டுரு” என்றார். கதிர்வீச்சு நடுவில் தடைப்பட்டு நீளும் ஒவ்வொரு நாளும் நோய் அடங்கும் வாய்ப்பு ஒரு சதவிகிதத்தை ஒட்டிக் குறையும் என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கியிருந்தார். அதைச் சொல்லித்தான் மறுநாளும் பேருந்தில் ஏற்றினேன்.

எங்களுக்கு முன் வரிசையில் நாள்தோறும் உட்காரும் ஒரு அக்காவும் உண்டு. அவருக்கும் கன்னத்தில்தான். அப்பத்தாவைவிட வயது குறைவு, உடம்பும் திடம். தாளெழுத்தை மட்டும் பார்த்தால் அவர் நிலை எங்களைவிட மேல். நான்காம் வாரத் திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அழைத்து வந்த கணவருக்கு வேலை போய்விடும் என்று முன்பொரு நாள் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியை நான் பார்க்காத நாளில்லை. காப்பீட்டு அட்டையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கூட வருபவரின் நாட்கூலியை எந்த அட்டை தரும்? எந்த நோயியல் அறிக்கையிலும் இதற்கு ஒரு வரி இல்லை.

மூன்றாவது, காலம். நான் சொல்ல வந்ததன் உயிர் இங்கேதான் இருக்கிறது. அப்பத்தாவின் கன்னத்தில் வெண்திட்டு தோன்றி இரண்டாண்டு ஆகியிருந்தது. அது புண்ணாகி எட்டு மாதம். சூட்டுப்புண் என்று மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டார். யாரோ கொடுத்த களிம்பைத் தடவினார். பிள்ளைக்குப் பரீட்சை வருகிறதே என்று வாயைத் திறக்கவில்லை. பொங்கலன்று கரும்பு கடிக்க வாய் திறக்க முடியாமல் அவர் தவித்ததைக் கண்ட சித்தப்பாதான் கையோடு அழைத்துப் போனார். அந்த எட்டு மாதத்தில்தான் மில்லிமீட்டர் கணக்கில் புற்று உள்ளே இறங்கியது. கழுத்துக் கணுவையும் எட்டியது. அறிக்கையின் மூன்றாம், நான்காம் வரிகளை எழுதியது பிரமன் அல்லன்; காலம்.

இது என் வீட்டுக் கதையாக மட்டும் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். இயந்திரம் ஒன்றுமில்லை, கண்ணும் விளக்கும்தான். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்று மரணம் நூற்றுக்கு 34 அளவுக்குக் குறைந்திருந்தது.

கேரளம் வரை போவானேன்? ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையத்தார், லியோனிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையோடு சேர்ந்து நம் மாவட்டக் கிராமங்களில் 2000 முதல் 2003 வரை ஒரு பணி செய்தார்கள். 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைச் செவிலியர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் பெண்கள் 49,311 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்த ஊர்களில் 30,958 பேர். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றால் இறந்தவர்கள் 35 சதவிகிதம் குறைவு. உலகெங்கும் மருத்துவர்கள் படிக்கும் அந்தக் கட்டுரையின் தலைப்பில் தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் கற்பித்த பாடம் அது. நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தேசத்துக்குத் தேசம் புற்று வேறுபடலாம். தென் சீனத்தில் மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்று மிகுதி. அதற்கு ஒரு வைரசும் காரணம். ஹாங்காங்கில் நோய் அறிகுறி இல்லாத 20,174 ஆண்களின் இரத்தத்தில் அந்த வைரசின் சுவட்டைத் தேடினார்கள். 34 பேருக்குப் புற்று இருந்தது. அவர்களுள் 71 சதவிகிதத்தினர் முதலிரு நிலைகளிலேயே அகப்பட்டார்கள்; தேடாத காலத்தில் அப்படி அகப்பட்டவர்கள் 20 சதவிகிதமே. சீனர்க்கும் நமக்கும் புற்று வேறு, உணவு வேறு, பழக்கம் வேறு. காலத்தின் கணக்கு மட்டும் ஒன்றே.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தச் சதவிகிதங்கள் கூட்டத்தைப் பற்றியவை; தனி ஒருவர் மீது எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல. அறிக்கை வந்த அன்று அப்பத்தா என்னைக் கேட்டார்: “ஏன் ஆத்தா, அந்தத் தாளுல எத்தனை நாளுன்னு போட்டிருக்கா?” “நாள் போடுற தாள் இல்ல அப்பத்தா, என்ன வைத்தியம் செய்யணும்னு சொல்ற தாள்” என்றேன். இன்றும் அதையே சொல்வேன். இவ்வகைப் புற்று திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டாண்டுகளுக்குள் திரும்பும். அவர் மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். இரண்டு விரல் அளவுதான் வாய் திறக்கிறது. சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிடுகிறார். சில எழுத்துகள் நாக்கில் சிக்குகின்றன. ஆயினும் தெருவில் யாராவது புகையிலை அதக்கினால், அந்தச் சிக்கும் நாக்கோடே நிறுத்திக் கேட்கிறார்: “வாயைத் தொற, பார்ப்போம்.”

நண்பர்களே, நம்முள் பெரும்பாலோர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டுக்கு வரும் ஆங்கிலத் தாள் எல்லாம் நம் கைக்குத்தான் வரும். அந்தத் தாள் வருமுன் செய்ய வேண்டியதும் நம் கையில்தான் இருக்கிறது. வெற்றிலை போடும் தாத்தா, பாட்டி, அத்தை, மாமன்மாரின் வாயை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெண்திட்டு, செந்திட்டு, வாய் திறக்கச் சிரமம், கழுத்தில் நெறி இவற்றில் ஒன்று இருந்தாலும் அழைத்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் பரிசோதிக்க ஏற்பாடு உண்டு. பெண்கள் கூச்சப்படுவார்கள், என் அம்மாவும் ஆறு மாதம் கூச்சப்பட்டார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பத்தாவே முன்னால் நடக்க, மாமியாரும் மருமகளுமாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்தார்கள்.