புள்ளிகளின் பொருள்

அளவுகோல் இல்லாத கடையும் இல்லை. புள்ளிகள் இல்லாத பள்ளியும் இல்லை. ஆயினும், எதனை அளந்தோம் என்பதை அறியாது அளவை மட்டும் பற்றிக் கொண்டு மகிழ்வதும் வருந்துவதும் அறிவுடைமை ஆகா.

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், எம் தமிழ்ப்பள்ளியில் பயின்று சென்ற பிள்ளைகள் பெற்றோருடன் என்னைக் காண வருவதுண்டு. தோட்டத்தில் உழைத்து மகளை ஆறாம் படிவம் வரை படிக்க வைத்த தந்தையார் ஒருவர், "ஐயா, 3.50தான் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு 3.67. இனி இவள் விண்ணப்பித்துப் பயனுண்டா?" என்று கேட்டார். மகள் தலைகுனிந்து நின்றாள்.

முடிவுத்தாளை வாங்கிப் பார்த்தேன். 3.50 என்பது நான்கு பாடங்களின் சராசரி. 'ஏ' தரத்திற்கு 4.00, 'பி' தரத்திற்கு 3.00, 'சி' தரத்திற்கு 2.00 என மதிப்பளித்துக் கூட்டி, நான்கால் வகுத்துப் பெறுவது. இரண்டு 'ஏ', இரண்டு 'பி' பெற்றவருக்கும் 3.50, மூன்று 'ஏ', ஒரு 'சி' பெற்றவருக்கும் 3.50. இம்மகள் இரண்டாம் வகை. தமிழ், வரலாறு, பொதுப்பாடம் மூன்றிலும் 'ஏ'; பொருளியலில் மட்டும் 'சி'. அவள் நாடியதோ மொழித்துறை. இவ்விவரம் எதையும் சராசரி சொல்லவில்லை.

அடுத்தது தகுதிக் கணக்கு. 2002ஆம் ஆண்டில் பல்கலைக்கழக நுழைவில் ஒதுக்கீட்டு முறை நீங்கித் தகுதிமுறை வந்தது. இதில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு. புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு. 3.50ஐ 4.00ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால் 78.75. சாரணியர் இயக்கத்திலும் ஓட்டப்பந்தயத்திலும் ஈடுபட்ட அவளுக்குப் புறப்பாடத்தில் 9 புள்ளிகள். ஆக மொத்தம் 87.75. பக்கத்து வீட்டுப் பையனின் 3.67க்கு 82.58, புறப்பாடத்தில் 5 சேர்ந்தால் 87.58. சராசரியில் பின்தங்கியவள் தகுதிக் கணக்கில் ஒரு நூலிழை முன்னே நிற்கிறாள்!

"பந்தயம், முகாம் என்று அலையாதே என நான்தான் அவளைத் தடுத்தேன்" என்றார் தந்தையார். பின்னர் மகளை நோக்கி, "நீ கேட்ட படிப்பையே முதலில் எழுதம்மா" என்றார்.

ஆசிரியப் பெருமக்களே! தகுதிக் கணக்கும் இடத்தை உறுதி செய்துவிடாது. துறைதோறும் சிறப்புத் தகுதிகள் உண்டு. சிலவற்றுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. போட்டியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே, முடிவுத்தாளோடு வரும் பிள்ளையிடம் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "எந்தப் பாடத்தில் எவ்வாறு? எத்துறையை நாடுகிறாய்?" என்றும் கேட்போம். புள்ளி என்பது வரிசையில் நிற்கும் இடத்தைக் காட்டும் எண். அங்கே நிற்கும் பிள்ளையின் ஆற்றலை அறிந்து வழிகாட்டுவது நம் கடமையாகும்.