மூன்றாம் அதிகாரத்தில் வந்த அதிகாரம்

மனைவியைப் புருஷன் ஆளுவது கடவுள் வகுத்த ஒழுங்கு என்பவர்கள் ஆதியாகமத்தைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். அங்கே முதல் அதிகாரம் 28ஆம் வசனத்தில் ஆளுகை இருவருக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. ஆளப்படுபவை மீனும் பறவையும் மிருகமும்தான். கணவன் மனைவியை ஆளுவான் என்ற பேச்சு 3:16இல்தான், கனியைத் தின்ற பிறகு, பிரசவ வேதனையோடு ஒரே வசனத்தில் வருகிறது. அதைத் தொடர்ந்து முள், குருக்கு, முகத்து வியர்வை. முள்ளை நாம் பிடுங்கிப் போடுகிறோம், டிராக்டரும் வாங்குகிறோம். 1847இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவ வலிக்கு மயக்க மருந்து கொடுத்தார். மதத்தின் பெயரால் எழுந்த ஆட்சேபங்களுக்கு அவரே பதில் எழுதி அச்சிட வேண்டியிருந்தது. இன்று வலியைத் தணிப்பது பாவம் என்று பிரசங்கிப்பவரைக் காண்பது அரிது. அதே வசனத்தின் பிற்பாதிக்கு மட்டும் ஏன் இத்தனை காவல்?

ஆதாம்தானே முதலில் படைக்கப்பட்டான் என்பார்கள். பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் அதைச் சொல்கிறார், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேச்சு சபையில் போதிப்பதைப் பற்றியது. முந்திப் பிறந்ததுதான் உரிமை என்றால், முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு முன்பே வந்துவிட்ட மிருகங்கள் அவனை ஆள வேண்டியிருக்கும். ஆதியாகமமோ மூத்தவனைத் தாண்டிப் போவதில் சலிக்காத புத்தகம். இஸ்மவேல் இருக்க ஈசாக்கு, ஏசா இருக்க யாக்கோபு.