ஒரே ஒரு ரவுண்டு, சார்!

உங்கள் சொந்தக்காரர் யாராவது குதிரை வைத்திருக்கிறாரா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். மேலே படிக்காமல் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம்.

என் அக்கா வீட்டுக்காரர் வைத்திருக்கிறார். ஒன்றல்ல, இரண்டு.

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி மேற்குப் பக்கம் வந்தால் ஜி.எஸ்.டி. ரோடு. அதைக் கடப்பதற்கே ஒரு ஆயுள் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். கடந்துவிட்டால் முடிச்சூர் ரோடு. ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் அரை சீட் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நேரம். முடிச்சூர், வரதராஜபுரம் தாண்டி, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற வெளிவட்டச் சாலையையும் கடந்து மணிமங்கலம் பக்கம் போனால் காற்று மாறும். டீசல் வாசனை குறைந்து வைக்கோல் வாசனை வரும். அங்கேதான் மாமாவின் அரை ஏக்கரும், ஓடு போட்ட லாயமும்.

சாதாரண இடம் என்று நினைக்காதீர்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ நரசிம்மவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதிக்கொண்ட மணிமங்கலம் இதுதான். அப்போதும் இந்தப் பக்கம் குதிரை கனைத்திருக்கும். இப்போது மிச்சமிருப்பது எங்கள் ராணியும் மணியும்தான்.

ராணி செவலை நிறம். கிண்டியில் ஓடி ரிட்டயர் ஆனவள். மணி ஒரு மட்டக்குதிரை. பென்ஷன் வாங்காத ஆனால் வேலையும் செய்யாத ஜாதி.

மாமாவுக்கு வேலை ரயில்வேயில். குதிரை எங்கிருந்து வந்தது? அவருடைய அப்பா கிண்டி ரேஸ் லாயத்தில் குதிரைக்காரராக இருந்தவர். கிண்டியில் ரேஸ் 1777-லேயே ஆரம்பித்துவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் வந்தது. 1974-ல் தமிழ்நாடு அரசு ரேஸைத் தடை செய்து சட்டம் போட்டது. அது கோர்ட் கோர்ட்டாக ஏறி, 1996-ல் சுப்ரீம் கோர்ட் "குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை" என்று தீர்ப்புச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, 160 ஏக்கருக்கு மேலிருந்த அந்த இடத்தைக் கையகப்படுத்தியது. இத்தனை வரலாற்றிலும் மாமாவின் குடும்பத்துக்குக் கிடைத்தது பணமில்லை. குதிரையைப் பற்றின அறிவு. அதை வைத்து ராணியை வாங்கினார்.

வாங்கினாரா? அன்றைக்குப் பிடித்தது சனி.

* * *

குதிரை இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்களை மாமா தரம் பிரித்து வைத்திருக்கிறார்.

முதல் ரகம், 'ஒரே ஒரு ரவுண்டு' ரகம். புது பைக் வாங்கினவனிடம் சாவி கேட்கிற மாதிரியே கையை நீட்டுவார்கள். "தா மச்சி, முக்கு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்." குதிரைக்கு சாவி இல்லை என்பது அவர்களுக்கு ஏமாற்றம்.

இரண்டாவது, போட்டோ ரகம். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் கேமராக்காரரோடு இறங்குவார்கள். மாப்பிள்ளை குதிரை மேல், பெண் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டுமாம். "குதிரையைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க சார்" என்று கேட்ட கேமராக்காரர் உண்டு.

மூன்றாவது, மெரினா ரகம். பர்ஸை எடுத்தபடி "எவ்வளவு சார்?" என்பார்கள். இவர்கள் மேல் மாமாவுக்குக் கோபமே கிடையாது. கடற்கரையில் காசு கொடுத்து ஏறி இறங்கிய பழக்கம், பாவம்.

நான்காவது, சொந்தக்கார ரகம். "நம்ம வீட்டுக் குதிரைதானேப்பா!" கொள்ளு வாங்கும்போது மட்டும் அது மாமா வீட்டுக் குதிரை.

ஐந்தாவதுதான் ஆபத்து. 'எனக்குத் தெரியும்' ரகம். "ஊட்டியில ஓட்டியிருக்கேன் சார்." ஊட்டி ஏரிக்கரையில் இவர் மேலே உட்கார்ந்திருந்தார், வாஸ்தவம். முன்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாரே, அவர்தான் ஓட்டினார்.

எல்லார் மனசுக்குள்ளும் ஒரு தேசிங்கு ராஜா உட்கார்ந்திருக்கிறான். டெல்லி பாதுஷாவின் யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கினானாமே, அந்தச் செஞ்சிக்காரன். 1960-ல் எம்.ஜி.ஆர். வேறு அந்த வேஷம் போட்டுவிட்டார். கதையின் மிச்சத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி அவன் இறந்தபோது இருபது வயதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தான்.

* * *

மாமா யாரிடமும் முகத்தில் அடித்த மாதிரி 'முடியாது' என்று சொல்ல மாட்டார். அவரிடம் மூன்று ஆயுதங்கள் உண்டு.

ஒன்று, எடைமேடை. அரிசி மண்டியில் ஏலத்துக்கு வந்ததை வாங்கி லாயத்து வாசலில் போட்டிருக்கிறார். "குதிரை தன் எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல சுமக்கக் கூடாதுங்க. ராணி நானூத்தம்பது கிலோ. சேணத்தோட சேர்த்து தொண்ணூறு. கொஞ்சம் ஏறி நில்லுங்க." பெண்டாட்டி எதிரில் எடைமேடையில் ஏற எந்த ஆண்மகன் சம்மதிப்பான்? பாதிப் பேர் அங்கேயே "வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இரண்டு, கடிகாரம். "தாராளமா! ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு வாங்க." இதுவரை வந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

மூன்று, லத்தி. போலீஸ்காரர் கையில் இருப்பதல்ல. குதிரை போடுவது. அஞ்சரைக்கு வந்துவிட்ட அபூர்வப் பிறவிகளிடம் முறத்தையும் கூடையையும் கொடுப்பார். "முதல்ல லாயத்தைச் சுத்தம் பண்ணுவோம். அப்புறம் தண்ணி காட்டணும். நாலு குளம்பையும் தூக்கிக் கல்லு எடுக்கணும். உடம்பு தேய்க்கணும். அதுக்குள்ள அவளுக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சுன்னா, ஏறலாம்."

நான் இதையெல்லாம் மாமாவின் குசும்பு என்றுதான் நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரை.

* * *

பத்திரிகைக்கு எழுதுவது போக, பி.காம். படித்த பாவத்துக்கு ஒன்றிரண்டு கம்பெனிகளுக்குக் கணக்கும் எழுதிக் கொடுக்கிறேன். அதில் ஒரு கம்பெனி எனக்கு மூன்று மாதப் பணம் பாக்கி. மேனேஜர் கையெழுத்துப் போட்டால் செக் வரும். எப்போது கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் குதிரை விஷயம் வெளியே வந்துவிட்டது. அவர் முகத்தில் சூரியோதயம். "அட, சொல்லவே இல்லையே! சனிக்கிழமை ஃப்ரீயாத்தான் இருக்கேன். ஒரே ஒரு ரவுண்டு!"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "மாமாவைக் கேட்டுச் சொல்றேன் சார்." என்ன சொன்னேன்? "அதுக்கென்ன சார், நம்ம வீட்டுக் குதிரைதானே!"

மாமாவுக்கு அன்றைக்கு டூட்டி என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சனிக்கிழமை என்றேன். இதை இங்கே எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

லாயத்தில் உதவிக்கு இருந்த பையன் "மாமா வரட்டும்ணே" என்று இரண்டு தடவை சொன்னான். "நம்ம சார்தாண்டா, அஞ்சு நிமிஷம்" என்றேன். மேனேஜர் எடைமேடையைத் தாண்டிப் போனார். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. சார் எப்படியும் தொண்ணூறுக்கு மேல், சேணம் தனி.

ஏறி உட்கார்ந்தவர் சினிமாவில் பார்த்த மாதிரியே செய்தார். கடிவாளத்தை இரண்டு கையாலும் இறுக்கி இழுத்து, குதிகாலால் விலாவில் ஓங்கி ஒரு உதை.

ரேஸ் குதிரைக்கு அது என்ன பாஷை தெரியுமா? சின்ன வயதிலிருந்து, வாயில் கடிவாளம் இறுகினால் அதன் மேல் சாய்ந்து ஓடத்தான் அது பழகியிருக்கிறது. பக்கத்தில் உதை வேறு. ரேஸ் குதிரை மணிக்கு அறுபது கிலோமீட்டர் போகும். ராணிக்கு வயசாகியிருந்தது, ஆனால் பாடம் மறக்கவில்லை.

சார் இருபதடி தூரம் குதிரையோடு போனார். அப்புறம் குதிரை மட்டும் போனது. அவர் விழுந்தது லத்திக் குப்பையில். அந்தச் சாயங்காலத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அது. சட்டையைத் தவிர வேறு சேதமில்லை.

ராணி நிற்கவில்லை. தொங்கின கடிவாளம் முன்னங்காலில் மாட்டி, வேலியோரமாக முட்டி போட்டு விழுந்தாள். எழுந்தபோது வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை.

* * *

மாமா ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. டார்ச் லைட்டோடு லாயத்துக்குள் போய் அந்தக் காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் ராணியைக் கையில் பிடித்து நடத்தி, மேட்டு ரோட்டில் ஏற்றி, இரண்டு ராத்திரி அவளோடு மழையில் நின்ற மனுஷன். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் போனது. "அது கடையில கிடைக்கும்" என்றார்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். தசைநார் பிசகு. குதிரைக்கு முட்டிக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பும் நாரும் தோலும்தான். ரத்த ஓட்டம் குறைச்சல், ஆறுவதற்கு மாதக் கணக்கில் ஆகும். ஐந்நூறு கிலோ உடம்பை மூன்று காலில் நிற்க வைத்துவிட்டு 'ரெஸ்ட் எடு' என்று சொல்லவும் முடியாது. பாரம் தாங்குகிற மற்ற கால்களும் கெட்டுப்போகலாம். கால் சரியாகவில்லையென்றால்? டாக்டர் அந்தக் கேள்விக்கு மாமாவைப் பார்க்காமல் பேக்கை மூடினார்.

பதிமூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறார். ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் கடல் கடந்து வாங்குவாராம். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. புல் தின்கிற பிராணிக்குச் சோறும் வேகவைத்த கறியும் போட்டார்களாம். கணக்குப்பிள்ளை பாஷையில், ஒரே வருஷத்தில் தொண்ணூற்றைந்து சதவீதத் தேய்மானம். அரபு தேசத்து வியாபாரிக்கு நல்ல லாபம். ஏறிச் சுற்ற ஆசைப்பட்டவர்கள் நிறைய. வளர்க்கத் தெரிந்தவர் இல்லை. எழுநூறு வருஷம் கழித்து நான் அந்தக் கணக்கில் இன்னொரு வரி எழுதினேன்.

மறுநாள் மாமாவிடம், "அந்த ஆள் இப்படி உதைப்பார்னு யாருக்குத் தெரியும் மாமா?" என்றேன்.

"கேட்டது அவர் தப்பில்ல மாப்ளே. அவருக்குக் குதிரை தெரியாது. கேட்கத்தான் செய்வார். குழந்தை கேட்காதா? சரின்னு சொன்னது உன் தப்பு. நீ சொன்ன 'சரி'யை யாரு சுமந்தது பாரு."

திட்டியிருக்கலாம். தேவலாமாக இருந்திருக்கும்.

* * *

செக் செவ்வாய்க்கிழமையே வந்தது. மூன்று மாதப் பாக்கி, பைசா குறையாமல். அது அப்படியே ராணியின் வைத்தியத்துக்குப் போனது. வரவும் செலவும் இவ்வளவு சுத்தமாக நேரான கணக்கை நான் அதற்கு முன் எழுதினதில்லை.

தண்டனை என்று மாமா எதுவும் விதிக்கவில்லை. நானே ஞாயிறுதோறும் முதல் ரயிலைப் பிடித்து அஞ்சரைக்குப் போய் நின்றேன். முறத்தைக் கொடுத்தார். லத்தி அள்ளினேன். ஹோஸ் பைப்பை வைத்து அந்தக் காலில் குளிர்ந்த தண்ணீர் விட்டேன். அப்போதுதான் சில விஷயம் தெரிந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் விருந்தாளி அன்பாகக் கொடுக்கிற தின்பண்டம் வயிற்றில் கோளாறு செய்தால் உயிருக்கே ஆபத்து. நேர் பின்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பின்னாலிருந்து தட்டிக்கொடுத்தால் உதைதான் பதில். மாமாவின் மூன்று ஆயுதமும் குசும்பில்லை. எடைமேடை அவள் முதுகுக்காக. அஞ்சரை மணி அவளுடைய தீனி நேரத்துக்காக. லத்திக் கூடை, வருகிறவன் யாரென்று அவள் தெரிந்துகொள்வதற்காக.

நாலாவது மாதம் ராணி நொண்டாமல் நடந்தாள். மாமா கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"ஏறட்டுமா மாமா?" வாய் தவறி வந்துவிட்டது.

"நட மாப்ளே. அவ பக்கத்துல நட."

ஏரிக்கரை வரைக்கும் நடந்தோம். தூரத்தில் வெளிவட்டச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் மூச்சு என் தோளில் சுடச்சுட விழுந்தது. ஆபீஸில் இருக்கிற எல்லாரையும் நினைத்துக்கொண்டேன். மேலதிகாரி கேட்டால் உடனே 'சரி சார்' என்கிறோம். அந்தச் 'சரி'யை வீட்டுக்காரியோ, கூட வேலை செய்கிறவனோ, லாயத்துப் பையனோ, ஒரு வாயில்லா ஜீவனோ சுமக்கிறார்கள். நம் முதுகு மட்டும் அலுங்காமல் இருக்கிறது.

போன மாதம் அந்த மேனேஜர் போன் செய்தார். "பையனுக்கு லீவு. குதிரை பார்க்கணும்னு ஒரே அடம். ஒரு ரவுண்டு..."

"தாராளமா சார்! ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு" என்றேன்.

வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அஞ்சு இருபத்தைந்துக்கே பையன் வாசலில் நின்றான், தூக்கக் கண்ணோடு. அப்பா காரில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பையனிடம் முறத்தைக் கொடுத்தேன். அவன் அள்ள ஆரம்பித்தான். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பாவை எழுப்பவில்லை. எடைமேடை ரிப்பேரில் இருந்தது!